'61 ரீஇஷ்யூ ஸ்ட்ராட்: பழைய அளவுக் கிட்டாரை செட்டப் செய்வது எப்படி

ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) எலெக்ட்ரிக் கிட்டார் 1954இல் வந்தது. 1965இல் கம்பெனி சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனத்தின் கைக்கு மாறியது. அதற்கு முந்தைய கிட்டார்களுக்கு இன்று கேட்கிற விலையில் கார் வாங்கிவிடலாம். அதனால்தான் ரீஇஷ்யூ: அன்றைய அளவு, அன்றைய வயரிங், அன்றைய பாலிஷ், ஆனால் புதிய மரம். 1982இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் தொழிற்சாலையிலிருந்து '57, '62 ஸ்ட்ராட்டுகளும் '52 டெலிகாஸ்டரும் இப்படி வெளிவந்தன. இன்று கடையில் கிடைப்பது 2022இல் தொடங்கிய அமெரிக்கன் விண்டேஜ் 2 வரிசை. இந்தக் குறிப்பு அதிலுள்ள 1961 ஸ்ட்ராட்டை மனதில் வைத்து எழுதியது. 7.25 அங்குல ரேடியஸும் (ஃபிங்கர்போர்டின் குறுக்கு வளைவு) ஆறு ஸ்க்ரூ ட்ரெமோலோவும் (கைப்பிடியால் ஆட்டிச் சுருதியை இறக்கி ஏற்றும் பிரிட்ஜ், அதாவது பாடியில் கம்பிகளைத் தாங்கும் பகுதி) உள்ள எந்த ரீஇஷ்யூவுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

வாங்கிய முதல் வாரத்தில் எல்லோரும் சொல்லும் குறைகள் ஒன்றே: பெண்ட் செய்தால் (கம்பியை விரலால் பக்கவாட்டில் வளைத்துச் சுருதி ஏற்றினால்) சத்தம் செத்துப்போகிறது, ட்ரெமோலோ பிடித்தால் ட்யூனிங் போகிறது, பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) ஸ்விட்சை எந்தப் பொசிஷனில் வைத்தாலும் உறுமுகிறது. முதல் இரண்டும் செட்டப்பில் சரியாகும். மூன்றாவது அந்தக் கிட்டாரின் இயல்பு. எது எந்த வகை என்று தெரியாமல் பிக்கப்பையும் பிரிட்ஜையும் மாற்றத் தொடங்கினால், மாடர்ன் கிட்டார் ஒன்றை அதைவிட அதிக விலை கொடுத்து வாங்கியதாகத்தான் முடியும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

கழுத்தின் அளவை முதலில் கேளுங்கள். ஃபெண்டரின் மலிவு பிராண்டான ஸ்க்வயரின் கிளாசிக் வைப் '60ஸ் ஸ்ட்ராட் பார்வைக்கு அச்சு அசல் பழையது. ஃபிங்கர்போர்டின் வளைவோ 9.5 அங்குலம். வாசிக்க எளிது, நல்ல கிட்டாரும்கூட. ஆனால் கீழே வரும் தொல்லைகள் பாதி அதில் இல்லை, எண்களும் அதற்குப் பொருந்தாது.

கையில் எடுத்ததும் ஹெட்ஸ்டாக் (ட்யூனர்கள் இருக்கும் தலைப்பகுதி) பக்கத்திலிருந்து பாடியை நோக்கி ஒற்றைக் கண்ணால் பாருங்கள். முதல் கம்பியும் (மிக மெல்லியது) ஆறாவது கம்பியும் (மிகத் தடித்தது) ஃபிங்கர்போர்டின் விளிம்பிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் ஓட வேண்டும். பழைய பாணி பிரிட்ஜில் கம்பிகளின் மொத்த அகலம் சுமார் 56 மி.மீ.; மாடர்ன் பிரிட்ஜில் 52 சொச்சம்தான். அதனால் கழுத்து ஒரு மயிரிழை சாய்ந்திருந்தாலும் முதல் கம்பி விளிம்பில் வழுக்கி விழும். இதற்கு பயப்பட வேண்டாம். நான்கு கழுத்து ஸ்க்ரூக்களையும் அரைச் சுற்று தளர்த்தி, கம்பி முறுக்கு இருக்கும்போதே கழுத்தைப் பக்கவாட்டில் மெல்லத் தள்ளி, மறுபடி இறுக்கினால் பெரும்பாலும் நேராகிவிடும். அப்படியும் நேராகாவிட்டால் வேறு பீஸ் கேளுங்கள்.

செகண்ட் ஹாண்டில் வாங்குபவர்கள் கவனிக்க: பழைய அமெரிக்கன் விண்டேஜ் கிட்டார்களின் சீரியல் எண் பெரும்பாலும் 'வி' எழுத்தில் தொடங்கும். அந்த எண்ணை வைத்து ஆண்டைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. தேதி கழுத்தின் அடிப்பகுதியில், பாடிக்குள் மறைந்திருக்கும் இடத்தில் இருக்கும். விற்பவர் சொல்லும் ஆண்டுக்குத் தனி விலை கேட்டால், கழுத்தைக் கழற்றிக் காட்டச் சொல்வதில் தப்பில்லை.

தேவையான சாமான்

0.5 மி.மீ. கோடு போட்ட ஸ்டீல் ஸ்கேல், ஃபீலர் கேஜ் (ஸ்பார்க் ப்ளக் இடைவெளி பார்ப்பது, ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில் கிடைக்கும்), கேப்போ (கழுத்தில் மாட்டிக் கம்பிகளை அழுத்தும் கிளிப்), ட்யூனர், நல்ல இரண்டாம் நம்பர் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், 0.050 அங்குல ஆலன் கீ. கடைசியாகச் சொன்னதில்தான் பலரும் தவறுவார்கள். அமெரிக்க ஸாடிலின் (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியையும் தாங்கும் துண்டு) உயரத் திருகுக்கு 1.5 மி.மீ. கீ உள்ளே போகாது, 1.25 போகும், பிடிப்பில்லாமல் சுற்றித் திருகின் வாயைத் தேய்த்துவிடும். சரியான கீ கிட்டாரோடு பெட்டியில் வரும், தொலைத்துவிடாதீர்கள்.

கம்பி மாற்றுதல்

ட்யூனர் கம்பத்தின் உச்சியில் பிளவும் நடுவில் குழியும் இருக்கும். கம்பியை முதலிலேயே வெட்டிவிட வேண்டும். ஆறாவது கம்பியை அதன் கம்பத்தைத் தாண்டி இழுத்துப் பிடித்து, அடுத்த கம்பத்துக்கும் அதற்கடுத்ததற்கும் நடுவில் வெட்டுங்கள். மெல்லிய கம்பிகளுக்கு இரண்டு கம்பத் தூரம் விடலாம். வெட்டிய முனையைக் குழியின் அடிவரை நேராக இறக்கி, பிளவில் மடக்கி, சுற்று மேலிருந்து கீழாக இறங்கும்படி முறுக்குங்கள். முனை வெளியே நீட்டாது, விரலைக் குத்தாது. இந்த ஒரு விஷயத்தில் பழைய வடிவமைப்பு இன்றையதைவிட மேல்.

மூன்றாவது, நான்காவது கம்பிகளுக்குக் கூடுதலாக ஒரு சுற்று கொடுங்கள். ஃபெண்டர் ஹெட்ஸ்டாக் பின்னால் சாய்வதில்லை. முதல் இரண்டு கம்பிகளை அழுத்திப் பிடிக்க ஸ்ட்ரிங் ட்ரீ உண்டு. இந்த இரண்டுக்கும் கிடையாது. சுற்று கம்பத்தின் அடிவரை இறங்கினால்தான் கம்பி நட்டின் (ஹெட்ஸ்டாக் அருகே கழுத்தின் முனையிலுள்ள பட்டை) பள்ளத்தில் அழுந்தி உட்காரும். இல்லாவிட்டால் மூன்றாவது கம்பியைத் திறந்து வாசிக்கும்போது சித்தார் மாதிரி ஒரு இரைச்சல் வரும், நட்டைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். கம்பி மாற்றும்போதே நட் பள்ளங்களில் பென்சில் கரியைத் தேய்த்துவிடுங்கள்.

10–46 கம்பியை (முதல் கம்பி 0.010, ஆறாவது 0.046 அங்குலத் தடிமன்) எல்லா எண்களுக்கும் அடிப்படையாக வைத்திருக்கிறோம். 9க்கு இறங்கினாலும் 11க்கு ஏறினாலும் ஸ்ப்ரிங், கழுத்து, இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சேர்வது) மூன்றையும் மறுபடி பார்க்க வேண்டும். ஆகவே ஒரு அளவை முடிவு செய்துவிட்டுப் பிறகு செட்டப்பில் இறங்குங்கள்.

ட்ரெமோலோ

ட்யூனிங் நிற்காததற்கு இங்கே முக்கால்வாசிக் காரணம் ஆறு ஸ்க்ரூக்களையும் அடிவரை இறுக்கி வைத்திருப்பது. பிரிட்ஜ் தகடு ஒரே அச்சில் ஆட வேண்டும். ஆறும் அழுத்தினால் ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் உரசும், தகடு தொடங்கிய இடத்துக்குத் திரும்பாது. ஃபெண்டர் சொல்லும் முறையே போதும்:

1. பின்மூடியைக் கழற்றுங்கள். ஆர்மை (ட்ரெமோலோவின் கைப்பிடி) மேலே இழுத்துப் பிரிட்ஜ் தகட்டைப் பாடியோடு ஒட்ட வையுங்கள்.
2. ஆறு ஸ்க்ரூக்களையும் தளர்த்தி, தலைகள் தகட்டுக்கு மேல் சுமார் 1.6 மி.மீ. நிற்கும்படி செய்யுங்கள்.
3. இரு ஓரங்களிலும் உள்ள ஸ்க்ரூக்களை மட்டும் தலை தகட்டைத் தொடும்வரை இறக்குங்கள். தொட்டதும் நிறுத்துங்கள், அதற்கு மேல் கால் சுற்று போனாலும் தகடு முன்னால் மடங்கி நிற்கும்.
4. ட்யூன் செய்து, தகட்டின் பின்விளிம்பு பாடியிலிருந்து சுமார் 3.2 மி.மீ. உயர்ந்திருக்கிறதா என்று அளந்து பாருங்கள். குறைவாக இருந்தால், பின்னால் ஸ்ப்ரிங் மாட்டியிருக்கும் கிளாவின் இரண்டு ஸ்க்ரூக்களையும் சமமாகத் தளர்த்துங்கள், அதிகமானால் இறுக்குங்கள். ஒவ்வொரு முறையும் மறுபடி ட்யூன் செய்துவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

மூன்று ஸ்ப்ரிங்கே 10–46க்குப் போதும். ஆர்மே தொடாதவர்கள் ஐந்து ஸ்ப்ரிங் மாட்டித் தகட்டைப் பாடியில் உட்கார வைத்துவிடலாம். அப்படி வைத்தால் ஒரு கம்பி அறுந்தாலும் மற்ற ஐந்தும் ட்யூனில் நிற்கும். பெண்ட் செய்யும்போது பக்கத்துக் கம்பி இறங்காது. மேடைக் கச்சேரிக்கு இதுதான் எங்கள் சிபாரிசு.

ஆர்ம் போகும் துளைக்குள் சின்ன ஸ்ப்ரிங் ஒன்று போட வேண்டும். பெட்டியில் பாக்கெட்டில் கிடக்கும், பலர் அது என்னவென்று தெரியாமல் தூக்கிப்போடுகிறார்கள். அது இல்லாவிட்டால் ஆர்ம் லொடலொடக்கும். லொடலொடப்பை நிறுத்த மேலும் திருகினால் புரி தேய்ந்து ஒருநாள் உள்ளேயே முறியும்.

கழுத்து: ட்ரஸ் ராட் அடியில் இருக்கிறது

ட்ரஸ் ராட் என்பது கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பி. மாடர்ன் ஃபெண்டரில் அதை ஹெட்ஸ்டாக் பக்கம் கீ போட்டுத் திருப்பலாம். இதில் அதன் முனை கழுத்தின் அடியில், பாடிக்குள் புதைந்திருக்கிறது. ஆகவே அளந்துவிட்டு, உண்மையிலேயே தேவைப்பட்டால் மட்டும் கை வையுங்கள்.

அளப்பது: ட்யூனில் வைத்து, முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு, ஆறாவது கம்பியைக் கழுத்து பாடியோடு சேரும் ஃப்ரெட்டில் அழுத்துங்கள். எட்டாவது ஃப்ரெட்டின் தலைக்கும் கம்பிக்கும் இடையே 0.3 மி.மீ. ஃபீலர் கேஜ் தொட்டும் தொடாமலும் போக வேண்டும். 0.25 முதல் 0.35 வரை இருந்தால் விட்டுவிடலாம்.

திருத்துவது: கம்பிகளை நன்றாகத் தளர்த்துங்கள், கேப்போ அப்படியே இருக்கட்டும், கம்பிகள் கம்பத்திலிருந்து அவிழாது. கிட்டாரைக் கவிழ்த்து நான்கு ஸ்க்ரூக்களையும் எடுத்து, மறுபடி நிமிர்த்தி, கழுத்தை நேராக மேலே தூக்குங்கள், பக்கவாட்டில் ஆட்டி எடுக்காதீர்கள். இடுக்கில் பாலிஷ் ஒட்டியிருந்தால் ஆட்டும்போது பெயர்ந்து வரும். முனையில் கூட்டல் குறி வெட்டிய திருகு தெரியும். அகலமான ஸ்க்ரூ டிரைவரைப் போட்டு, இடைவெளி அதிகமாக இருந்தால் கடிகார முள் திசையில், குறைவாக இருந்தால் எதிர்த்திசையில், எட்டில் ஒரு பங்கு சுற்று மட்டும் திருப்புங்கள். எங்கிருந்து எங்கே திருப்பினீர்கள் என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். இடுக்கில் சின்னக் காகிதத் துண்டோ ஃபைபர் துண்டோ இருந்தால் அது கழுத்தின் கோணத்துக்காக வைத்தது, இருந்த இடத்திலேயே திரும்ப வையுங்கள்.

மூடும்போது ஒரு நுணுக்கம். ஸ்க்ரூவைத் துளையில் வைத்ததும் முதலில் எதிர்த்திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு இடத்தில் 'டக்' என்று சின்னதாக இறங்கும். அது பழைய புரியில் விழுந்த சத்தம், அங்கிருந்து இறுக்குங்கள். நேராக இறுக்கினால் மேப்பிள் மரத்தில் புதுப் புரி வெட்டும், நாலைந்து தடவைக்குள் துளை தளர்ந்துவிடும்.

ட்யூன் செய்து சற்று நேரம் விட்டு மறுபடி அளக்காமல் அவசரப்பட்டுத் திருப்ப வேண்டாம். கழுத்து அடங்க நேரம் எடுக்கும். அடுத்த நாள் ஒருமுறை பார்ப்பது நல்லது.

ஆக்‌ஷனும் பெண்ட் பிரச்சினையும்

7.25 அங்குலம் என்பது ஃபிங்கர்போர்டின் குறுக்கு வளைவு, 184 மி.மீ. ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. பேர் கார்டு (ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்துவது) பிடிக்க இதைவிடச் சுகமான கழுத்து இல்லை, விரல் தானாக வளைந்து உட்காரும். சிக்கல் பெண்டில். முதல் கம்பி வளைவின் தாழ்ந்த ஓரத்தில் இருக்கிறது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஒரு முழு ஸ்வரம் மேலே பெண்ட் செய்தால், அது நடுவிலுள்ள மேட்டை நோக்கி நகர்கிறது. ஸாடில் பக்க முனையோ இருந்த தாழ்விலேயே நிற்கிறது. நடுவழியில் பதினைந்து, பதினாறாவது ஃப்ரெட்டுகளில் கம்பி இடித்து சத்தம் அடைத்துக்கொள்கிறது.

இதற்கு முதல் மருந்து ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரம், அதாவது ஆக்‌ஷன். பதினேழாவது ஃப்ரெட்டின் தலையிலிருந்து கம்பியின் அடிவரை, ஆறாவது கம்பிக்கு 2 மி.மீ., முதல் கம்பிக்கு 1.6 மி.மீ. வையுங்கள். இரண்டையும் வைத்த பிறகு நடுக் கம்பிகளின் ஸாடில்களை அதே 184 மி.மீ. வளைவில் அமையுங்கள். அட்டையில் காம்பஸால் வளைவு வரைந்து வெட்டி, கம்பிகளுக்கு மேல் வைத்துப் பார்த்தாலே போதும். 9.5க்குச் செய்த வளைவு அட்டையை வைக்காதீர்கள். ஓரக் கம்பிகள் சரியாக இருக்கும்போதே நடுக் கம்பிகள் தாழ்ந்துபோகும்.

ஒவ்வொரு ஸாடிலிலும் இரண்டு உயரத் திருகுகள். இரண்டும் சமமாக இருக்க வேண்டும், ஸாடில் சாய்ந்து நிற்கக் கூடாது. மடக்கிய தகட்டு ஸாடில் என்பதால், ஒரு திருகு காற்றில் தொங்கினால் அதுவே தனியாகச் சிலுசிலுக்கும். ஆம்ப் இல்லாமல் வாசிக்கும்போது எங்கிருந்தோ ஒரு இரைச்சல் வருகிறது என்றால் முதலில் இவற்றைத் தொட்டுப் பாருங்கள்.

இப்போது முதல் கம்பியைப் பன்னிரண்டிலிருந்து மேலே ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் முழு ஸ்வரம் பெண்ட் செய்யுங்கள். எங்காவது அடைத்தால் முதல் இரண்டு ஸாடில்களை 0.2 மி.மீ. வீதம் உயர்த்துங்கள். 2 மி.மீ.க்குப் பிறகும் அடைக்கிறது என்றால் அது ஸாடிலின் பிரச்சினை இல்லை. ஏதோ ஒரு ஃப்ரெட் மேலே தூக்கியிருக்கிறது, அல்லது கழுத்தின் கடைசிப் பகுதி எழும்பியிருக்கிறது. அதற்கு ஃப்ரெட் லெவல் செய்யத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். மேல் ஃப்ரெட்டுகளைச் சற்றே இறக்கி லெவல் செய்யச் சொல்லுங்கள். 1 மி.மீ. ஆக்‌ஷனும் பெரிய பெண்டும் வேண்டும் என்பவருக்கு இந்தக் கழுத்து ஒத்துவராது. விற்றுவிட்டு 9.5 வாங்குவதே மலிவு.

இன்டொனேஷன் எல்லாக் கிட்டாருக்கும் ஒன்றுதான்: பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்திய சுருதி, அதே இடத்து ஹார்மோனிக்கைவிட ஏறினால் ஸாடிலைப் பின்னுக்கும், இறங்கினால் முன்னுக்கும் நகர்த்துங்கள். ஆனால் பிக்கப் உயரத்தைச் சரிசெய்யாமல் இதைத் தொடாதீர்கள். ஏன் என்பது அடுத்து வருகிறது.

பிக்கப்

ஒவ்வொரு கம்பிக்கும் அடியில் இருப்பது முழு அல்நிகோ காந்தம். பிக்கப்பை மிக உயர்த்தினால் காந்தம் கம்பியை இழுக்கும். ஆறாவது கம்பியைப் பன்னிரண்டுக்கு மேல் வாசித்தால் இரண்டு சுருதி ஒன்றோடொன்று மோதுவது போல அலையடிக்கும். ட்யூனரின் முள் நிற்காது. இன்டொனேஷன் சரியாக வரவில்லை என்று ஸாடிலைத் திருகித் திருகி நொந்துபோகிறவர்களில் பலருக்கு உண்மையான கோளாறு இதுதான். கடைசி ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, கம்பியின் அடியிலிருந்து காந்தத்தின் தலைவரை ஆறாவது கம்பிக்கு 2.4 மி.மீ., முதல் கம்பிக்கு 2 மி.மீ. வைத்துத் தொடங்குங்கள். கழுத்துப் பிக்கப்பை அதற்கும் கீழே இறக்கலாம். அங்கே கம்பியின் அதிர்வு அகலம், சத்தம் எப்படியும் அதிகம்.

காந்தங்கள் ஒரே உயரத்தில் இல்லை என்பது தெரியும். மூன்றாவது கம்பியின் காந்தம் துருத்திக்கொண்டு நிற்கும். மூன்றாவது கம்பியும் சுற்றுக்கம்பியாக இருந்த காலத்துக்கான ஏற்பாடு அது. இன்றைய வழுவழுப்பான மூன்றாவது கம்பியில் அது மட்டும் உரக்கக் கேட்கும். சுத்தியலாலோ கட்டைவிரலாலோ அந்தக் காந்தத்தை அமுக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தலைமுடியளவு செம்புக் கம்பி காந்தத்தின் மேலேயே நேரடியாகச் சுற்றப்பட்டிருக்கிறது. காந்தம் நகர்ந்தால் உள்சுற்று அறுந்து பிக்கப் ஊமையாகிவிடும். உயரத்தைச் சற்று இறக்கி, வலது கையின் அழுத்தத்தைப் பழக்கிக்கொள்வதுதான் வழி.

உறுமல்: ஒற்றைச் சுருள் (சிங்கிள் காயில்) பிக்கப் உறுமத்தான் செய்யும். மாடர்ன் ஸ்ட்ராட்டில் நடுப் பிக்கப்பை எதிர்த்திசையில் சுற்றியிருப்பார்கள், அதனால் 2, 4ஆம் பொசிஷன்களில் உறுமல் அடங்கும். பழைய பாணியில் மூன்றும் ஒரே திசை, எல்லாப் பொசிஷனிலும் கேட்கும். கம்பியைத் தொட்டால் உறுமல் குறைந்தால் எர்த் வயர் நன்றாக இருக்கிறது. தொட்டால் கூடினாலோ, மைக்கில் உதடு பட்டுச் சுள்ளென்று இழுத்தாலோ உடனே வாசிப்பதை நிறுத்துங்கள். கல்யாண மண்டபத்துப் பிளக் பாயின்டில் மூன்றாவது துளை பெயருக்கு மட்டும் இருப்பது நமக்குப் புதிதில்லை. எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த் பார்த்த பிறகு தொடருங்கள்.

வயரிங்கில் ஒரே ஒரு மாற்றம்

அசல் வயரிங்கில் ஒரு வால்யூம், இரண்டு டோன். முதல் டோன் கழுத்துப் பிக்கப்புக்கு, இரண்டாவது நடுப் பிக்கப்புக்கு. பிரிட்ஜ் பிக்கப்புக்கு டோனே கிடையாது. அதனால்தான் பிரிட்ஜில் போட்டால் காதைக் கீறுகிறது. ஸ்விட்சில் நடு டோனுக்குப் போகும் காலிலிருந்து பக்கத்திலுள்ள வெற்றுக் காலுக்கு இரண்டு செ.மீ. வயரைச் சால்டர் செய்தால் இரண்டாவது டோன் பிரிட்ஜுக்கும் வேலை செய்யும். வேண்டாமென்றால் அதே வயரை எடுத்துவிடலாம். எந்தத் துளையும் புதிதாகத் தேவையில்லை.

டோன் கப்பாசிட்டர் 0.1 மைக்ரோஃபாரட் போட்டிருந்தால், டோனை முழுக்க மூடும்போது போர்வைக்குள் வாசிப்பது போல் கேட்கும். யாரும் அப்படி மூடி வாசிப்பதில்லை என்பதால் மாற்ற அவசியமில்லை. மூடித்தான் வாசிப்பேன் என்றால் 0.047 அல்லது 0.022 போடுங்கள். பழைய கிட்டாரில் மூன்று பொசிஷன் ஸ்விட்ச்தான். ஐந்து பொசிஷன் ஃபெண்டரிலிருந்து 1977இல்தான் வந்தது. உங்களுடையதில் மூன்று பொசிஷன் இருந்தால், இதை மாற்றத் தயங்க வேண்டாம்.

பாலிஷ், வியர்வை, ஈரம்

இந்தக் கிட்டாரின் பாலிஷான நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் மெல்லியது, அழகானது, கோபக்காரனும்கூட. கிட்டார் ஸ்டாண்டின் ரப்பர், பை உள்பக்கத்து ரெக்ஸின், சில வினைல் ஸ்ட்ராப்புகள் எல்லாம் அதைக் கரைத்துப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். நைட்ரோவுக்கு ஒத்துவரும் என்று எழுதியிருந்தாலும் ஸ்டாண்டில் பழைய பருத்தி வேட்டித் துண்டைச் சுற்றிவிடுங்கள். ஏசி அறையிலிருந்து நேராக மே மாத வெயிலுக்குப் பெட்டியைத் திறக்காதீர்கள். பெட்டி மூடியபடியே அரை மணி நேரம் வெளியே இருக்கட்டும். மரமும் லாக்கரும் ஒரே வேகத்தில் விரிவதில்லை, லாக்கரில் மயிரிழை விரிசல் ஓடும். சிலிகான் கலந்த கார் பாலிஷ் வேண்டவே வேண்டாம்.

கடலோர ஊர்களில் துருதான் பெரிய எதிரி. காந்தத் தலைகளும் ஸாடில் திருகுகளும் முதலில் பிடிக்கும். வாசித்து முடித்ததும் கம்பி, பிரிட்ஜ், கழுத்தின் பின்புறம் மூன்றையும் உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஊசி முனையில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெயை ஒவ்வொரு ஸாடில் திருகிலும் விடுங்கள். பிறகு வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். பெட்டிக்குள் சிலிகா ஜெல்லும் சின்ன ஈரமானியும் வைத்து 45 முதல் 55 சதவீதத்துக்குள் வைத்திருந்தால் கழுத்து மாதா மாதம் வளையாது. ஜெல் நிறம் மாறினால் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து ஈரம் போக்கலாம். சமையலுக்கு அந்த வாணலியைத் திரும்ப எடுக்காதீர்கள்.

ஃபிங்கர்போர்டு ரோஸ்வுட். இன்று கிட்டாருக்குப் போகும் இந்திய ரோஸ்வுட் என்பது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம்தான். அது லாக்கர் பூசாத மரம்: வருடத்துக்கு இரண்டு முறை, கம்பி மாற்றும்போது, மினரல் ஆயில் நாலு சொட்டு தடவிப் பத்து நிமிடத்தில் துடைத்தெடுங்கள். '57 மாடலின் மேப்பிள் கழுத்துக்கு லாக்கர் பூச்சு உண்டு, அதற்கு எண்ணெய் தேவையில்லை.

கழற்றிய எந்த உதிரியையும், ஒரு ஸ்க்ரூவானாலும், பெயரெழுதிய ஜிப் கவரில் போட்டுப் பெட்டியிலேயே வையுங்கள். விற்கும் நாளில் வாங்குபவர் முதலில் கேட்பது அசல் ஸ்விட்சும் கப்பாசிட்டரும் எங்கே என்பதைத்தான்.